எண்பது கிலோவுக்குக் கீழே குளிரும்

நூற்றுப் பன்னிரண்டு கிலோ இருந்தவரை எனக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியாது. கெடாவில் பிறந்தவனுக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே வருடத்தில் பாதி வெயில். மீதிப் பாதி, மழை பெய்து விட்ட பிறகு அடிக்கும் வெயில்.

கோலா கெத்தில் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எனக்கு எடைக் கிராணி வேலை. தோட்டங்களிலிருந்து குலை ஏற்றி வரும் லோரி எடைமேடையில் ஏறி நிற்கும். நான் கண்ணாடி அறைக்குள்ளிருந்து, சிவப்பு விளக்கில் வரும் எண்ணைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். அறை சின்னது, நான் பெரியவன். ஏர்கோன் எப்போதும் பதினாறில் ஓடும். ஓட்டுநர்கள் சீட்டை வாங்கிய பிறகும் போகமாட்டார்கள். சுவரோரம் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். கேமரன் மலைக்குப் போக முடியாதவர்கள் என் அறைக்கு வரலாம் என்று நானே பெருமையடித்துக்கொண்டிருந்த காலம் அது.

எனக்கு ஒரே தங்கை. கணவன், இரண்டு பெண் பிள்ளைகளோடு சுங்கை லாலாங்கில் இருக்கிறாள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் சுங்கைப்பட்டாணியில் டயாலிசிஸ். சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போவது என் முறை. அந்த இடத்தில் குளிர் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அவள் ஸ்வெட்டர், காலுறை, அதற்கு மேல் போர்வை என்று மூட்டையாகக் கிடப்பாள். பக்கத்தில் நான் அரைக்கைச் சட்டையோடு, மருந்து அட்டைப் பெட்டியின் மூடியால் விசிறிக்கொண்டிருப்பேன்.

"குளிருதுண்ணே," என்பாள்.

"இதுவா குளிரு? நடிக்காத லா. வெளிய போய்ப் பாரு, தாரு உருகுது," என்பேன்.

நாலு வருடமும் இதே பேச்சு. அவளைச் சிரிக்கவைக்கிறோம் என்று எனக்கு நினைப்பு. அவளும் பாவம், சிரித்துவைத்தாள்.

மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு இதற்கு முன்பே ஒருமுறை வந்து கெட்டுப்போயிருந்தது. எங்கள் சின்னம்மா மகன் ஒருவன், நான் தருகிறேன் என்றான். செய்தி சர்ச்சில் பரவியது. நன்றித் திருப்பலி வைத்தார்கள், பிரியாணி போட்டார்கள், அவன் கழுத்தில் மாலையும் போட்டார்கள். மாலை வாடுவதற்குள் அவன் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவனை நான் குற்றம் சொல்லமாட்டேன். பயம் யாருக்கும் வரும். ஆனால் அதற்குப் பிறகு, பூசை முடிந்து வாசலுக்கு வந்தால், "எப்பம்மா ஆப்பரேஷன்?" என்று யாராவது கேட்காத ஞாயிற்றுக்கிழமை இல்லை. என் தங்கை பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியேறப் பழகிக்கொண்டாள்.

பிறகு என் ரத்தம் அவளுக்கு ஒத்துப்போகிறது என்று தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியின் டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார், பிறகு இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார். இரண்டாவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. எண்பது கிலோவுக்குக் கீழே வரவேண்டும் என்றார். வந்தால் மட்டும் போதாது, ஆறு மாதம் அங்கேயே நிற்க வேண்டும், இறங்கிவிட்டு ஏறுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று என்றார்.

வெளியே வந்ததும் தங்கை கேட்டாள்: "எண்பதா? அண்ணே, நீங்க கடைசியா எண்பது இருந்தது ஸ்கூல்ல, ஃபோர்ம் ஃபைவ் படிக்கறப்ப."

"அப்ப முடிஞ்சது இப்ப முடியாதா?"

அவள் கார் அருகே வந்த பிறகு சொன்னாள்: "நடந்தா நடக்கட்டும். ஆனா ஒண்ணு. ஆஸ்பத்திரியில தேதி குடுக்கற வரைக்கும் சர்ச்சுல ஒரு காக்காவுக்குக்கூட இது தெரியக்கூடாது. இன்னொரு தடவ என்னால அந்தச் சைடு கதவு வழியா போவ முடியாது."

சத்தியம் செய்துகொடுத்தேன். என் வீட்டுக்காரியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

இளைத்த கதையை நீட்டி முழக்க நான் விரும்பவில்லை, நினைத்தாலே பசிக்கிறது. காலையில் மூன்று ரொட்டி சானாய் தின்று பசியாறிக்கொண்டிருந்தவன் ஒரு தோசைக்கு வந்தேன். பால் நுரைக்கும் தே தாரேக் போய், பாலும் சீனியும் இல்லாத தே ஓ வந்தது. சாயந்திரம் வேலை முடிந்ததும் செம்பனை வரிசைகளுக்கு நடுவே உள்ள செம்மண் சாலையில் ஒரு மணி நேரம் நடந்தேன். முதல் மாதம் எதிரே வந்த ஒவ்வொரு மோட்டார் சைக்கிள்காரனும் நிறுத்தி, கார் பழுதா என்று கேட்டான்.

வீட்டில் தராசு இருந்தது, ஆனால் எனக்குப் பிடித்தது ஆலையின் எடைமேடைதான். லோரி இல்லாத நேரத்தில் நான் போய் நடுவில் நிற்பேன். ஓட்டுநர்கள் கண்ணாடி வழியாக எண்ணைப் பார்த்துச் சொல்வார்கள். டன் கணக்கில் நிறுக்கும் மேடைக்கு ஒன்றிரண்டு கிலோவெல்லாம் தூசு. பத்துப் பத்தாகத்தான் காட்டும். வீட்டுத் தராசு தொண்ணூற்று நான்கு என்று சொன்ன அன்றைக்கு மேடை தொண்ணூறு என்றது. நான் மேடையை நம்பி எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தத் தொண்ணூறை ஒட்டித்தான் குளிர் ஆரம்பித்தது. முதலில் அது குளிர் என்றே எனக்குப் புரியவில்லை. அறையில் உட்கார்ந்திருந்தேன், விரல் நுனி மரத்திருந்தது, பல் தானாக ஒன்றோடொன்று தட்டியது. மலேரியாவோ என்று பயந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு ஏர்கோனை இருபதுக்கு மாற்றினேன், பல் நின்றது. ஒரு மாதத்தில் இருபத்து நான்கு. அதற்கடுத்த மாதம் அதை நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறந்தேன். சுவரோரம் சாய்கிற கூட்டம் ஒரே வாரத்தில் கரைந்தது. பதினைந்து வருடமாக என்னிடம் கதை பேசிய ஒரு மலாய் ஓட்டுநர் வாசலில் நின்றபடியே கையை நீட்டிச் சீட்டு வாங்கி, "பாங், பனாஸ் லா," என்று சூடு தாங்காமல் நெற்றி வேர்வையைச் சுண்டிவிட்டுப் போனான்.

வீட்டில் இன்னும் மோசம். இருபத்தாறு வருடமாக நான் ஏர்கோனைக் கூட்டுவதும் என் வீட்டுக்காரி போர்வைக்குள் சுருள்வதும்தான் எங்கள் தாம்பத்தியம். இப்போது அவளுக்கு வயதின் காரணமாக உடம்பெல்லாம் எரிகிறது, எனக்கு நடுங்குகிறது. ரிமோட்டை அவள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். "இவ்ளோ வருஷம் நான் பட்டேன்ல, இப்ப நீங்க படுங்க," என்று பசியாறும்போது நிதானமாகச் சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, எழுந்து போய் இன்னொரு போர்வையைத் தேடி எடுத்தேன்.

குளிக்க வெந்நீர் வேண்டியிருந்தது. மரப்பெஞ்சில் உட்கார்ந்தால் எலும்பு இடித்தது, அந்த எலும்பு வழியாகவும் குளிர் ஏறியது. சுங்கைப்பட்டாணியில் பழைய துணி விற்கும் பண்டில் கடைக்குப் போய் ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கினேன். யாரோ ஜப்பான்காரன் போட்டுக் கழித்தது. மார்பில் ஒரு பனிமான் படம். கடைக்காரப் பெண் எந்த ஊருக்குப் பயணம் என்று கேட்டாள். கோலா கெத்தில் என்றேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்துத் தைராய்டு, ரத்தசோகை எதுவும் இல்லை என்றார்கள். உணவு ஆலோசனை சொல்லும் தமிழ்ப்பெண் ஒருத்தி விளக்கினாள்: "அங்கிள், கொழுப்பு உங்களுக்குப் போர்வையா இருந்துச்சு. அது போச்சு. அதோட நீங்க கம்மியா சாப்பிடறீங்க, உடம்பும் சிக்கனமா எரிக்குது. எடை எறங்கி நின்ன பிறகும் கொஞ்ச நாளைக்கு இப்படித்தான் இருக்கும். சிலருக்குப் பழகிரும்."

"பழகலன்னா?"

"ஸ்வெட்டர் போட்டுக்குங்க," என்றாள்.

அந்தச் சனிக்கிழமை டயாலிசிஸ் நிலையத்தில் தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்தேன். பத்து நிமிடம் தாங்கவில்லை. பனிமான் ஸ்வெட்டரின் கைகளை இழுத்து விரல்களை உள்ளே மறைத்தேன். பிறகு வெட்கத்தை விட்டு அவள் போர்வையின் ஓரத்தைப் பிடித்து என் முழங்காலில் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நடிக்காதீங்க லா," என்றாள்.

பக்கத்துக் கட்டில் சீனக் கிழவரும் சிரித்தார், தாதியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்று தைத்தது. என் குளிராவது நான் இளைத்ததால் வந்தது. அவளுடையது ரத்தம் வற்றியதால் வந்தது. அதை நாலு வருடம் நடிப்பு என்று சொன்ன வாய் இது. "மன்னிச்சிரு," என்றேன். அவள் போர்வையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளிவிட்டாள்.

அக்டோபரில் எழுபத்தொன்பதைத் தொட்டேன். இனி ஈஸ்டர் முடிகிறவரை அதை அங்கேயே நிறுத்திவைப்பதுதான் வேலை. ஈஸ்டருக்கு அடுத்த வாரம் இறுதிச் சோதனை. இறங்குவது கஷ்டம் என்று நினைத்திருந்தேன். நிற்பது அதைவிடக் கஷ்டம். இறங்கும்போது எல்லாரும் கைதட்டுவார்கள். நிற்கிறவனை யாரும் பார்ப்பதில்லை.

நான் சொன்னது தவறு. பார்த்தார்கள், சர்ச்சே பார்த்தது.

ஞாயிறு பூசைக்கு நான் ஸ்வெட்டரோடு போனேன். பிப்ரவரி மாதம், கெடாவில் புல் கருகும் காலம், நான் மட்டும் பனிமானோடு. கன்னம் ஒட்டி, கழுத்துத் தோல் தொங்கி, ஃபேனுக்குத் தூரமாக மூலையில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். மன்றாட்டு நேரத்தில், நோயுற்ற நம் சகோதர சகோதரிகளுக்காக என்று ஒருவர் பெயர்ப் பட்டியல் வாசித்தார். முதல் பெயர் என்னுடையது. என் தங்கை பெயர் ஆறாவது. இரண்டு வரிசை முன்னால் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்திலிருந்த ஒருவர் தட்டிக்கொடுத்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பட்டியலில் என்னைச் சேர்த்தவர், அன்பியம் என்கிற எங்கள் அக்கம்பக்கத்துச் செபக்குழுவின் தலைவி. ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் தாமான் குடியிருப்பில் இருக்கும் பதினெட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களையும் இன்னும் ஒரு வகுப்பாகத்தான் நடத்துகிறார். எல்லாரும் அவரை டீச்சரக்கா என்போம். அவர் கணக்கு தெளிவானது: இளைத்தாயிற்று, வெயிலில் நடுங்குகிறான், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். ஒன்றுமில்லை என்கிறவனுக்குத்தான் பெரிதாக ஏதோ இருக்கிறது.

"தம்பி, மறைக்காதீங்க. எந்த ஸ்டேஜு?" என்று பூசை முடிந்து கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லக்கா, நடக்கறேன், அதான் எளைச்சிட்டேன்."

"இப்படித்தான் என் மச்சானும் சொன்னாரு," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து சாப்பாடு வரத் தொடங்கியது. முறைபோட்டு, வீட்டுக்கு ஒரு நாள். கோழிப் பிரட்டல், மீன் குழம்பு, முட்டைச் சம்பல், நெய்ச் சோறு. கொண்டு வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனாலாவது ஆலை ஓட்டுநர்களுக்குக் கொடுத்திருப்பேன். எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடும் விதத்தைப் பார்க்க முடியவில்லை. என் சாவுக்கு இப்போதே அழுதார்கள்.

சாம்பல் புதன் வந்தது. தவக்காலம், நாற்பது நாள், ஊரே நோன்பு. தப்பித்தேன் என்று குதித்தேன். டீச்சரக்கா மறுநாளே ஆட்டு எலும்பு சூப்போடு வந்து நின்றார்.

"அக்கா, தவக்காலம்," என்றேன், கொஞ்சம் பக்தியோடு.

"நோயாளிக்கு நோன்பு கெடையாது தம்பி. திருச்சபையே வெலக்கு குடுத்திருக்கு. குடிங்க."

ஊரில் எல்லாரும் ஒருவேளைக் கஞ்சி குடித்து உடம்பை ஒடுக்கிக்கொண்டிருக்க, ஒரு நோயும் இல்லாத நான் மட்டும் தினமும் கறி தின்று கொழுத்தேன்.

என்ன செய்வது என்று யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். டீச்சரக்கா ஒருவர் பேச்சுக்குத்தான் அடங்குவார், அது பங்குக் குருவின் பேச்சு. ஆனால் ஃபாதரிடம் சொன்னால் தங்கைக்குக் கொடுத்த சத்தியம் உடையும். அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது: பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் அது சொன்னதாகாது. சனிக்கிழமை சாயந்திரம் வரிசையில் நின்று, உள்ளே போய் முழங்காலிட்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். சிறுநீரகம், எண்பது கிலோ, எலும்பு சூப்பு எல்லாம்.

மறுபக்கம் நாற்காலி இரண்டுமுறை கிறீச்சிட்டது.

"ஏம்பா," என்றார் ஃபாதர் கடைசியில், "இத வெளிய வந்து சொல்லியிருக்கக் கூடாதா? இங்க சொன்னத வெச்சு நான் ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. அவங்க சூப்பு கொண்டு வந்தா நான் அந்தப் பக்கம் திரும்பக்கூட யோசிக்கணும்."

உலகத்தில் எனக்கு உதவக்கூடிய ஒரே வாயை நானே தைத்துவிட்டு வந்தேன். மூன்று முறை அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். ஆறாகச் சொன்னேன்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, எடை அறையில் உட்கார்ந்திருந்தபோது இதமாக இருந்தது. விரல் மரக்கவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றினேன். வயிற்றிலிருந்து ஒரு வெதுவெதுப்பு மெல்லப் பரவி, அப்படியே கண் சொக்கியது. எத்தனை மாதமாயிற்று இந்தச் சுகத்தை அனுபவித்து. மதியம் அந்த மலாய் ஓட்டுநர் வந்து, நான் ஏர்கோன் போட்டிருப்பதைப் பார்த்து, நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, கழன்ற கொழுப்புப் போர்வை திரும்பி வந்திருக்கிறது. வீட்டுக்கு ஓடித் தராசில் ஏறினேன். எண்பத்தொன்றரை.

தங்கைக்குப் போன் செய்து சொன்னேன். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஏசவில்லை.

"பரவால்லண்ணே. விடுங்க. நீங்க இவ்ளோ செஞ்சதே பெரிசு," என்றாள்.

சின்னம்மா மகன் பின்வாங்கியபோது அவனிடமும் இதே குரலில்தான் பேசினாள். அன்றைக்குப் பக்கத்தில் நின்று கேட்டவன் நான். இந்த முறை அந்தக் குரல் எனக்கு வந்திருக்கிறது. குளிரில் நடுங்கியதைவிட அன்றைக்கு அதிகம் நடுங்கினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்து என் வீட்டில் அன்பியச் செபம், என் சுகத்துக்காக. ஃபாதரும் வந்தார், தங்கையும் தன் கணவரோடு வந்தாள். வெள்ளிக்கிழமை ஆதலால் எல்லாருக்கும் கஞ்சியும் துவையலும். எனக்கு மட்டும் டீச்சரக்கா மூடியைத் திறந்தார், ஆட்டுக்கறி. தாமானே கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் தட்டைப் பார்த்தது. ஃபாதர் மட்டும் கூரையைப் பார்த்தார். என் வீட்டுக் கூரையில் பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு பல்லிகூட இல்லை. ஆனாலும் கண்ணை இறக்கவில்லை.

"சாப்பிடுங்க தம்பி. மொகத்துல இப்பத்தான் கொஞ்சம் களை வருது," என்று டீச்சரக்கா மூன்றாவது துண்டைப் போட்டார்.

நான் ஒரு துண்டை எடுத்தேன். கை வாய்க்குப் போகவில்லை. ஐம்பத்திரண்டு வயது ஆம்பளை, எல்லார் முன்னாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாவம், நோவு," என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

அப்போது என் தங்கை எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

"டீச்சரக்கா, அந்தத் தட்ட வாங்குங்க."

யாருக்கும் புரியவில்லை.

"அவருக்கு ஒரு நோவும் இல்ல. எனக்குக் கிட்னி குடுக்கறதுக்காக எளைச்சிருக்காரு. எண்பதுக்கு மேல போனா ஆஸ்பத்திரியில எடுக்கமாட்டாங்க. இப்ப எண்பத்தொண்ணரை. நான்தான் யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். போன தடவ மாதிரி ஆயிருமோன்னு பயம். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வேணுங்க. நான் பொழைக்கணும்."

நாலு வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பரவாயில்லை, பார்க்கலாம், ஆண்டவர் சித்தம் என்றுதான் சொல்வாள். எனக்கு வேண்டும் என்று சொன்னதில்லை.

டீச்சரக்கா என் தட்டை எடுத்தார். பிறகு குனிந்து என் விரல்களுக்கிடையே இருந்த துண்டையும் எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. ஃபாதர் கூரையிலிருந்து கண்ணை இறக்கி, பெரிதாக ஒரு மூச்சு விட்டு, கூட்டத்தில் யாரையும் முந்திக்கொண்டு, "கடவுளுக்கு நன்றி," என்றார். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்த தவக்காலத்தில் எனக்கு நேர்ந்தது வேறு கொடுமை. ஊட்டிய கைகளே காவலுக்கு நின்றன. ரொட்டி சானாய்க் கடையில் நான் உட்கார்ந்ததும் கடைக்கார அண்ணன், "ஒங்களுக்கு இல்லண்ணே, டீச்சர் சொல்லிட்டுப் போயிட்டாங்க," என்றார். அவர் கிறிஸ்தவர்கூட இல்லை. சாயந்திரம் நடக்கப்போனால் அன்பியத்தில் பாதிப்பேர் பின்னால் வந்தார்கள். நான் களைத்து நின்றால் யாராவது செபமாலையை உரக்க ஆரம்பிப்பார்கள். அது முடிகிறவரை நிற்காமல் நடக்க வேண்டும். ஈஸ்டர் அன்று எல்லாரும் பிரியாணி சாப்பிட, எனக்கு ஒரு கிண்ணத்தில் வெள்ளரிக்காய் வந்தது. எனக்கு மறுபடி குளிர ஆரம்பித்தது. பல் தட்டத் தட்டச் சந்தோஷப்பட்டேன்.

சோதனையன்று எழுபத்தெட்டே கால். டாக்டரம்மா எண்ணை இரண்டுமுறை பார்த்துவிட்டுத் தேதி எழுதினார்.

அறுவைச்சிகிச்சையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது இடுப்பில் வலி, உடம்பெல்லாம் நடுக்கம். தாதி மூன்று போர்வை போர்த்தினாள். "ஒங்க தங்கச்சிக்கு நல்லா வேல செய்யுது," என்றாள். நான் அழுததை வலிக்கு என்று நினைத்து ஊசி போட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். மழை பிடிக்கப்போகிற புழுக்கம். எழுபத்தாறு கிலோவில் நின்றுகொண்டிருக்கிறேன், ஒற்றைச் சிறுநீரகத்தோடு இனி எப்போதும் இப்படியே நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். குளிரும் என்னோடு நின்றுவிட்டது. முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். அவள் அடுப்படியிலிருந்து, தொற்றுக்குப் பயந்து போட்ட முகக்கவசத்தோடு வந்தாள். அதைக் கொஞ்சம் கீழே இழுத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"என்னாண்ணே இது, இப்படி வேர்க்குது," என்று சலித்துக்கொண்டாள்.

மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை நின்றது. நெற்றியில், கழுத்தில், காதோரத்தில். அவள் போய் ஃபேனைக் கூட்டிவிட்டு அதன் அடியில் கண்ணை மூடி நின்றாள். காற்று நேராக என் மேல் அடித்தது. ரோமம் சிலிர்த்தது, கை தானாக மார்போடு போய் ஒட்டிக்கொண்டது. அவள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"ஐயையோ, ஒங்களுக்குக் குளிருதாண்ணே? கொறைக்கட்டுமா?"

"வேணாம்மா," என்றேன். "இன்னும் கொஞ்சம் கூட்டு."